பதினோராம் கட்டில்

பூச்சியம் என்றால் வலியே இல்லை.
பத்து என்றால் உயிர் போகிற வலி.
எத்தனை என்று கேட்டு
சொன்னதை எழுதுவது என் வேலை.
சொன்னதை என்றுதான் படிவத்தில் இருக்கிறது,
நினைத்ததை என்று இல்லை.

ஆறாம் கட்டில் ராக்கப்பன்,
கவ்வாத்து மலையில் குளவிக்கு ஓடி
கானுக்குள் விழுந்து தோள்பட்டை உடைந்தவர்,
"ஒரு ஏழு போடுங்க மிஸ்" என்றார்
கடையில் சீனி கேட்பது போல.
ஏழு போட்டேன்.

பதினொன்றில் சத்தியசீலன்.
இருபத்தேழு வயது.
த்ரீவீலர் பள்ளத்தில் உருண்டு
முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு துண்டு.
தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு.
கொழும்பில் ஹோட்டல் வேலைக்குப் போய்
குடு பழகி வந்தவன்.
லைட்டர் சுட்டுச் சுட்டு
பெருவிரல் நுனி தேயிலைச் சாயம் போல.

"பதினொன்று கேட்டுக்கொண்டே இருப்பான்"
என்று சாவியைத் தந்தாள் நிலூகா.
அவ்வளவுதான் சொன்னாள்.
மீதியை நானே சொல்லிக்கொண்டேன்.

என் அண்ணனும் கேட்டுக்கொண்டே இருந்தவன்.
சம்பள நாளுக்கு மறுநாள்
தூங்கிய அம்மாவின் காதிலிருந்து
தோட்டைக் கழற்றிக்கொண்டு போனவன்.
"சத்தியமா இதுதான் கடைசி."
அந்தக் குரல் எனக்குத் தெரியும்,
எந்தக் கட்டிலில் கிடந்தாலும் தெரியும்.

பத்தரை மணிக்கு
ஒன்பது என்றான்.
நான்கு என்று எழுதினேன்.
பனடோல் இரண்டு, தண்ணீர் ஒரு கப்.

ஒரு மணிக்கு, இரவுக் கோச்சி
சிங்கமலைச் சுரங்கத்தில் கூவி நுழையும்போது
கையைப் பிடித்தான்.
"குடுவுக்குக் கேக்கல மிஸ்.
அது எப்படி வலிக்கும்னு எனக்குத் தெரியும்.
இது வேற.
உள்ளுக்குள்ள இறுகுது."

இறுகுது.
பயிற்சிக் கல்லூரியில் இரண்டாம் வருடம்
அந்தச் சொல்லுக்கென்று ஒரு பக்கம் இருந்தது.
முறிவுக்கு மிஞ்சிய வலி என்றால்
கட்டைப் பிரி, டொக்டரைக் கூப்பிடு.
சிவப்புப் பேனாவால் கோடு போட்டுப் படித்தேன்,
பரீட்சையில் எழுதினேன், புள்ளியும் வாங்கினேன்.
அன்றிரவு ஞாபகம் வந்தது
தோடுதான்.

மூன்று மணிக்கு அவன் கேட்கவில்லை.
விரிப்பின் ஓரத்தைக் கடித்தபடி
சுவரைப் பார்த்துக் கிடந்தான்.
"உறங்குகிறார்" என்று எழுதினேன்.
என் கையெழுத்து அழகு.
எல்லோரும் சொல்வார்கள்.

ஐந்தரைக்குப் பாதத்தைத் தொட்டேன்.
விடியற்காலைப் பைப் தண்ணீர்.
பெருவிரலை அசைக்கச் சொன்னேன்.
யாருடைய விரலோ என்பது போல
அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஃபர்ஸான் டொக்டர் ஓடி வந்து கட்டை வெட்டினார்.
மோர்ஃபின் என்றார். அளவைச் சொன்னார்.
இவ்வளவா என்று நிலூகா என்னைப் பார்த்தாள்.
"பழகின உடம்பு. கூடத்தான் வேணும்,
குறைய இல்ல" என்றார்
கட்டரிலிருந்து கண்ணெடுக்காமல்.
என்னைத் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

கண்டிக்கு அம்புலன்ஸ்.
மூடுபனிக்குள் கினிகத்தேனை வளைவுகள்.
ஏற்றும்போது, நான் கேட்காமலே,
"இப்ப ஏழு மிஸ்" என்றான்.
என் தாளில் ஏதோ கடன் இருந்தது போல.
எழுதிக்கொண்டேன்.

தப்பாக எழுதியதை அழிக்கக் கூடாது.
ஒற்றைக் கோடு போட்டு
பக்கத்தில் சரியானதை எழுதி
பெயரும் நேரமும் வைக்க வேண்டும்.
நான்கின் மேல் கோடு போட்டேன்.
ஒன்பது. என் பெயர். காலை ஆறு ஐம்பது.
"உறங்குகிறார்" அப்படியே இருக்கிறது.
அதற்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

காலைக் காப்பாற்றினார்களா என்று
கண்டியிலிருந்து யாரும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை, இன்னும்.

இன்றிரவு பதினொன்றில் வேறொருவன்.
விலா உடைந்திருக்கிறது.
மூச்சு விட்டால் கசிப்பு வாடை.
எத்தனை என்கிறேன்.
"பத்து" என்கிறான் இளித்துக்கொண்டே.
இளிக்கிறானே என்கிறது
எனக்குள் ஒருத்தி.
ஒன்று போடுகிறேன்.
பக்கத்தில் பூச்சியம் போட
கொஞ்ச நேரம் எடுக்கிறது.